சுண்ணாம்பு வட்டத்துக்குள் யோகமலர் டீச்சர்

மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளையில், பன்னிரண்டாம் வகுப்புக்கு, ஓர் உயிர்க்கலம் இரண்டாகும் கலப்பிரிவைப் படிப்பித்துக்கொண்டிருந்த யோகமலர் டீச்சர் இரண்டு பேராகப் பிரிந்தார். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அந்த வருஷம் வெள்ளம் வடியப் பிந்தியதால் வேளாண்மை வெட்டும் பிந்தியிருந்தது. வயலுக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளைகளும் வகுப்புக்கு வந்திருந்தார்கள், ஆகவே பார்த்தவர்களுக்குக் குறைவில்லை. பிரிந்தபோது சத்தம் ஏதும் வரவில்லை. இருவரும் ஒரே கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்தியிருந்தார்கள். இருவருடைய இடது செருப்பிலும் அறுந்த வாரை ஒரே மாதிரி ஊசி குத்திப் பிடித்திருந்தது. குடையும் அடையாள அட்டையும் ஆசிரியர் அறையில் இருந்தபடியால் அவை இரட்டிக்கவில்லை. அன்று பின்னேரம் மழை தூறியபோது ஒரு குடைக்குள் இருவரும் நெருக்கிக்கொண்டு துறைக்கு நடந்தார்கள்.

யோகமலர் டீச்சர் செட்டிபாளையத்தவர். தினமும் பஸ்ஸில் களுவாஞ்சிக்குடிக்கு வந்து, குருமண்வெளித் துறையில் பாதை ஏறி வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவார். பாதை என்று அங்கே சொல்வது மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிப்போகும் தட்டையான இரும்பு மிதவையை. கணவர் வினாயகமூர்த்தி, பிள்ளைக்கு இரண்டு வயதாக இருந்தபோது வீதி விபத்தில் போய்விட்டார். பிள்ளை ஆர்த்திகா பதினான்கு வயதில் இரத்தப் புற்றுநோயில் போனாள். மகரகம ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர், டீச்சர் உயிரியல் படிப்பிப்பவர் என்று அறிந்து, மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் கீறி, கலவட்டத்தில் நில் என்று சொல்லும் இடங்கள் உண்டு, உங்கள் மகளுடைய கலங்கள் அந்த இடங்களில் நிற்கவில்லை என்று மரியாதையாக விளக்கினார். அந்த வட்டத்தை அவர் பதினெட்டு வருஷமாகக் கரும்பலகையில் கீறி வந்தவர். அதற்குப் பிறகு அவர் அதைக் கீறவில்லை. மூன்று வருஷமாக அந்த அலகு வரும்போதெல்லாம், இதை ரியூசனில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுவார். பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. பரீட்சையில் அந்தக் கேள்வியை மட்டும் வெறுமையாக விட்டு வந்தார்கள்.

நான்காம் வருஷம், பாதை ஓட்டும் தம்பிப்போடியின் மகள் பிரஷாந்தி எழுந்து கேட்டுவிட்டாள். மருத்துவப் பீடத்தில் கண் வைத்திருந்த பிள்ளை அவள், வாய் கொஞ்சம் நீளம்.

"டீச்சர், ரியூசனில பாருங்க எண்டு சொல்றீங்க. ஆத்துக்கு இஞ்சால ரியூசன் எங்க கிடக்கு? நீங்க படிப்பிக்காட்டி எங்களுக்கு ஒருத்தரும் இல்ல."

டீச்சர் அவளைப் பார்த்தார். ஆர்த்திகா இருந்திருந்தால் அந்த வருஷம் அவளும் பன்னிரண்டாம் வகுப்புத்தான். நாளைக்கு எல்லாரும் வீட்டிலிருந்து வலைக்கயிறு கொண்டு வாருங்கள் என்று சொன்னார்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் நுணுக்குக்காட்டி வெள்ளத்தில் நனைந்து பூஞ்சணம் பிடித்த நாளிலிருந்து டீச்சர் கலப்பிரிவை முற்றத்தில்தான் காட்டுவார். மணலில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போடுவார், அது கலம். கயிறுகள் நிறமூர்த்தங்கள், கலத்துக்குள் தாய் தகப்பனின் சாயலைச் சுமக்கும் இழைகள். முதலில் ஒவ்வொரு கயிற்றுக்கும் அதே நீளத்தில், அதே நிறத்தில் இன்னொரு கயிறு வெட்டி, இரண்டையும் நடுவில் ஒரு முடிச்சால் கட்ட வேண்டும். பிரிவதற்கு முன் எல்லாம் இரட்டிக்கும் என்பது முதல் பாடம். பிறகு முடிச்சுகளை வட்டத்தின் நடுக்கோட்டில் வரிசையாக வைத்து, இரண்டு பக்கமும் பிள்ளைகள் நின்று இழுப்பார்கள், டீச்சர் நடுக்கோட்டில் நின்று முடிச்சுகளைத் தளர்த்திவிடுவார். இழுத்து முடிந்தால் இரு பக்கத்திலும் ஒரே கயிறுகள், ஒன்றும் கூடாது, ஒன்றும் குறையாது.

மறுநாள், அந்தச் செவ்வாய்க்கிழமை, நடுக்கோட்டில் நின்றபோது டீச்சருக்குக் கை கால் ஓய்ந்து கிடந்தது. தாய்க்கலம் சாவதில்லை, அது இரண்டு மகட்கலங்களாகிவிடும், எடுத்து அடக்க ஒன்றும் மிஞ்சாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதே, இரண்டாகப் போனால் சுமப்பதும் பாதியாகும் அல்லவா என்று ஒரு நினைப்பு வந்தது. அவர் நினைத்தது அவ்வளவுதான். பிள்ளைகள் இழுத்தார்கள், முடிச்சுகள் அவிழ்ந்தன, வட்டத்தின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு யோகமலர் டீச்சர் நின்றார். பிரஷாந்தி கையில் கயிற்றோடு, எந்த டீச்சர் சொல்வதை எழுதுவது என்று கேட்டாள். இருவரும் ஒரே வசனத்தை ஒரே நேரத்தில் சொன்னதால் எழுதுவதில் சிக்கல் இருக்கவில்லை.

பள்ளிக்கூட அதிபர் வந்து பார்த்துவிட்டு மேலிடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தப் பாடசாலைக்கு ஓர் உயிரியல் ஆசிரியருக்குத்தான் இடம் இருக்கிறது, மேலதிகமானவரை விஞ்ஞான ஆசிரியர் இல்லாத ஒரு பள்ளிக்கூடத்துக்கு விடுவிக்க முடியுமா என்று அங்கே கேட்டார்கள். அடையாள அட்டை ஒன்றுதான் என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு நின்றது. ஒருநாள் ஒருவரும் மறுநாள் மற்றவரும் வருவது என்று முடிவானது. துறையில் தம்பிப்போடி இருவரையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, பாரம் சரியாக இருக்க வேண்டும், ஒராள் இந்தப் பக்கம் ஒராள் அந்தப் பக்கம் நில்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஆனால் சுமை பாதியாகவில்லை. அது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆர்த்திகாவின் நீலத் தலைக்கிளிப்பை டீச்சர் எப்போதும் சேலைத் தலைப்பின் உட்புறம் குத்தியிருப்பார். வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றும்போது இருவரிடமும் ஒவ்வொரு கிளிப் இருந்தது, இரண்டிலும் ஒரே பல் உடைந்திருந்தது. எது பிள்ளையின் தலையில் இருந்தது என்று இருவருக்கும் சொல்ல ஏலாமல் போயிற்று. மகரகமவின் மருந்து மணம், கடைசி நாளில் பிள்ளை தோடம்பழம் கேட்டது, சுளை உரிக்குமுன் தூங்கிப்போனது, எல்லாம் இருவரிடமும் முழுதாக இருந்தன. ஒருவர் பள்ளிக்கூடத்தில் களைத்தார், மற்றவர் வீட்டில் களைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரசாயனவியல் படிப்பிக்கும் ஸகியா டீச்சர் காத்தான்குடியிலிருந்து புரியாணி கட்டிக்கொண்டு செட்டிபாளையத்துக்கு வந்தார். வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு ஆளுக்குத்தான் கொண்டு வந்தன் அக்கா. நீங்க ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சமாவது குறைஞ்சிரிக்கா?" என்று கேட்டார்.

"எங்க குறையிற?" என்றார் அடுப்படியில் நின்றவர். "கயிற இரட்டிச்சுப்போட்டு இழுத்தா எப்பிடிக் குறையும். பதினெட்டு வருஷம் படிப்பிச்சும் எனக்கு அது நினைவில்லாமப் போச்சு."

அதற்கு மருந்தும் பாடத்திட்டத்திலேயே இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள், நாள் மாறி வந்த இருவரும் ஒரே மாதிரிக் களைத்திருப்பதைப் பார்த்துவந்த பிரஷாந்தி. பாடம் முடிந்து பிள்ளைகள் கலையும்போது பக்கத்தில் வந்து, தகப்பனின் பாதையில் பாரம் பற்றிப் பேசுவது போலவே பேசினாள்.

"டீச்சர், அடுத்தது ஒடுக்கற்பிரிவு. அதில ஒவ்வொரு கலத்துக்கும் பாதிதானே போகும். நீங்க திரும்ப நடுவில நிண்டா?"

"நிண்டா நாலு பேராவன், புள்ள."

"நாலு பேர் எண்டாலும் பாதி பாதிதானே."

அந்தக் கிழமை முழுவதும் செட்டிபாளையத்து வீட்டில் இருவரும் அதைத்தான் பேசினார்கள். ஒடுக்கற்பிரிவில் எந்தப் பாதி எந்தப் பக்கம் போகும் என்று யாரும் தீர்மானிக்க முடியாது. ஒருத்திக்குத் தோடம்பழம் போகலாம், இன்னொருத்திக்கு அது இல்லாமலே போகலாம். ஒருத்திக்குப் பிள்ளையின் சிரிப்பு இருக்கும், அது யாருடைய சிரிப்பு என்று தெரியாது. இன்னொருத்திக்குப் பெயர் இருக்கும், முகம் இராது. பாரம் குறையும், அது உண்மை. இருவருக்கும் அவ்வளவு களைப்பு, குறைந்தால் போதும் என்றும் இருந்தது. பேசிப் பேசி ஓய்ந்த ஒரு பின்னேரம், முற்றத்தில் உடுப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தவர், பிள்ளை ஆறாம் வகுப்பில் இறால் கறியைப் பள்ளிக்கூடப் பையில் கொட்டிய கதையைத் தொடங்கினார். மற்றவருக்கு அது தெரியும். ஆனாலும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், இடையில், மூன்று நாள் அந்தப் பை கொடியில் கிடந்தது என்று எடுத்துக் கொடுத்தார். வினாயகமூர்த்தி போன பிறகு அந்தப் பிள்ளையை முழுதாக அறிந்த இன்னொரு ஆள் அந்த வீட்டில் இருந்ததில்லை. இருவரும் கொடியடியில் நின்று சிரித்தார்கள், பிறகு அழுதார்கள், பிறகு மிச்ச உடுப்பைக் காயப்போட்டார்கள்.

ஒடுக்கற்பிரிவுப் பாடத்துக்கு இருவரும் வந்தார்கள். சுண்ணாம்பு வட்டம் போட்டு, தாயிடமிருந்து வந்ததற்குச் சிவப்புக் கயிறும் தகப்பனிடமிருந்து வந்ததற்கு நீலக் கயிறும் சோடி சேர்த்து வைத்தார்கள். நடுக்கோட்டில் ஒருவரும் நிற்கவில்லை. இரண்டு டீச்சர்மாரும் கோட்டுக்கு வெளியே, ஆளுக்கொரு பக்கம் நின்று, முடிச்சுகளைத் தடியால் தட்டித் தளர்த்தினார்கள். பிரஷாந்தி ஒருமுறை நடுக்கோட்டையும் டீச்சர்மாரையும் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தன் கயிற்றை இழுத்தாள். அந்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் வெறுமையாக விடவில்லை. பிரஷாந்தி இப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கிறாள்.

டீச்சர்மாருக்கு ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒருவர் போகிறார். கலப்பிரிவு வரும் கிழமையில் மட்டும் இருவரும் போகிறார்கள், மழையென்றால் ஒரே குடையில். அந்தக் கிழமையில் ஒருவர் முந்தி வந்து ஏறிவிட்டால், மோட்டார் சைக்கிள்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும் தம்பிப்போடி பாதையின் கயிற்றை அவிழ்ப்பதில்லை. "பொறு மனே, மத்த டீச்சர் வாறா," என்று சொல்லி, துறைப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.