டப்பாவின் எடை

காட்டு ஆராய்ச்சி நிலையத்தின் பழைய பதிவேடுகள் நான்கு அட்டைப்பெட்டிகளில் வீட்டுக்கு வந்து இறங்கின. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றப் போகிறார்களாம். "உங்க கையெழுத்து உங்களுக்கு மட்டும்தான் புரியும்மா. திங்கட்கிழமைக்குள்ள சரிபாத்துக் குடுத்துடுங்க. அதை வெச்சுத்தான் பறவைக் கையேட்டைப் புதுசா அச்சடிக்கப் போறோம்" என்று அலுவலகப் பெண் கெஞ்சிவிட்டுப் போனாள். கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்பார்கள். அப்படிப் பார்த்தால் பென்சிலுக்கு ராஜயோகம்தான். அவள் எழுதியது அத்தனையும் கோழிக் கிறுக்கல்.

பென்சில் என்பது நிலையத்தில் அவளுக்கு விழுந்த பெயர். முப்பது வருடம் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு திரிந்தவளை வேறு எப்படி அழைப்பார்கள்? கணவருக்கு வலைக்காரர் என்று பெயர். மரங்களுக்கிடையே மெல்லிய வலை கட்டி, சிக்கிய பறவையைப் பூப்போல எடுத்து, காலில் வளையம் மாட்டி, அளந்து, நிறுத்துப் பறக்கவிடுவார். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். அவர் போய் மூன்று வருடமாகிறது.

நிறுப்பதற்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. கேமரா பிலிம் அடைத்து வரும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பறவையைத் தலைகீழாக நுழைத்தால், இருட்டில் சத்தமில்லாமல் அடங்கிவிடும். வால் மட்டும் வெளியே நிற்கும். டப்பாவோடு தராசில் தொங்கவிட்டு, முள் காட்டும் எண்ணை அவர் சொல்வார். டப்பாவின் ஆறு கிராமைக் கழித்து எழுத வேண்டியது அவள். மறந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு எண்ணின் ஓரத்திலும் பொடியாக '-6' போட்டுவிட்டுத்தான் விடையை எழுதுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டிருந்தவளின் விரல் ஒரு வரியில் நின்றது. குட்டி மீன்கொத்தி. எடை பதினேழு கிராம். ஓரத்தில் '-6' இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மேலே இருந்தது, கீழே இருந்தது, அந்த வரியில் மட்டும் இல்லை.

அந்தப் பறவையை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆரஞ்சுத் தலை, நீல முதுகு, சிவப்பு அலகு. கையை மூடினால் காணாமல் போய்விடும். பெயருக்குத்தான் மீன்கொத்தி. ஆற்றுப் பக்கமே போகாமல் மழைக்காட்டு நிழலில் பூச்சி பிடித்துத் தின்னும். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வலைக்காரர் தராசைத் தூக்கிப் பார்த்து, "பதினேழு" என்றார். அதே மூச்சில், "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார். அவள் பதினேழு என்று எழுதினாள். "பண்ணிக்கலாம்" என்றாள்.

இப்போது நினைத்தாலும் காது சூடாயிற்று.

கையேட்டில் அந்தப் பதினேழுதான் இருக்கிறது. 'இந்த இனத்தில் இதுவரை பதிவான அதிகபட்ச எடை', பக்கத்தில் அவர் பெயர். முப்பது வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்த மனுஷனின் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரே வரியில். ஆறைக் கழித்தால் பதினொன்று. ஊரில் உள்ள எல்லாக் குட்டி மீன்கொத்தியும் பதினொன்றுதான். வரியும் போகும், பெயரும் போகும்.

அவள் கண்ணெதிரில் நாத்தனார் கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வலைக்காரரின் தங்கை. தபால்காரர் வந்தாலும் குழாய் ரிப்பேர்க்காரர் வந்தாலும் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டாமல் அனுப்பமாட்டாள். இவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே விட்டால்தான் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் பொய் எண்ணை அவர் பெயரோடு இரண்டாம் தடவையும் அச்சுக்கு அனுப்ப மனம் கேட்கவில்லை.

"ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றாள் பென்சில். பதிவேட்டைத் திருப்பி வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

நாத்தனார் கத்தியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"அண்ணனுக்கு அது தெரியும் அண்ணி."

"என்னது?"

"புஸ்தகம் வந்த அன்னிக்கே சொல்லிச் சிரிச்சார். 'டப்பாவையும் சேத்து எழுதிட்டா உங்க அண்ணி, நான் கேட்ட கேள்வி அப்படி'ன்னார். திருத்தச் சொல்லி எழுதிப் போடுங்கன்னேன். 'வேணாம், அவ கை தப்பினது அந்த ஒரு நாள்தான், இருந்துட்டுப் போகட்டும்'னுட்டார்."

"அரை கிராம் பிசகினா ஊரையே திட்டுற மனுஷன்!" பென்சிலுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவர் எதிரில் இருந்திருந்தால் பதிவேட்டாலேயே போட்டிருப்பாள். "நீயும் தெரிஞ்சுக்கிட்டே வர்றவங்க போறவங்க கிட்டெல்லாம் ரெக்கார்டு ரெக்கார்டுன்னு காட்டினே!"

"வெளியில அப்படித்தானே சொல்ல முடியும்? யார்கிட்டயும் சொல்லாம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்தீங்க ரெண்டு பேரும். உங்க கல்யாணப் பத்திரிகைன்னு எனக்கு இருந்தது அந்த ஒரு வரிதான் அண்ணி."

பென்சில் தன் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது நிலையத்தின் சட்டம். பதினேழின் மேல் கோடு போட்டாள். ஓரத்தில் '-6' போட்டாள். பதினொன்று என்று எழுதினாள்.

திருத்தத்துக்குக் காரணம் எழுதவும் ஒரு கட்டம் இருந்தது.

அதில், அலுவலகப் பெண்ணுக்கும் புரியும்படி நிறுத்தி நிதானமாக எழுதினாள்: 'எழுதியவளின் கவனம் பறவையில் இல்லை.'