ரசியா பேகம் வீட்டில் முளைத்த அறை

பிர்தௌஸைப் பிடித்துக்கொண்டு போன அடுத்த மாதம், ஒரு வெள்ளிக்கிழமை விடிந்தபோது, அவன் அம்மா ரசியா பேகத்தின் வீட்டில் ஓர் அறை கூடுதலாக இருந்தது. முந்தின நாள் வரைக்கும் அந்த வீட்டில் முன்கூடம், சமையலறை, பின்னால் துணி துவைக்கிற கல், இவ்வளவுதான். இப்போது சமையலறைக்கும் பின்கட்டுக்கும் நடுவில் பச்சை பெயின்ட் அடித்த இரும்புக் கதவு ஒன்று இருந்தது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். கதவு நிலை தாழ்வானது, உள்ளே போன எல்லாரும் முதல் தடவை நெற்றியை இடித்துக்கொண்டார்கள். ஜன்னல் கிடையாது. இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ், கழுவிவிட்டால் தண்ணீர் ஓட மூலையில் ஒரு ஓட்டை, ஒரு குழாய், கூரையில் இரும்பு வளையம், நடுவில் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய நாற்காலி. மேலே ஒரு டியூப் லைட் இரவும் பகலும் எரிந்தது. கொத்தனார் வந்து டேப் பிடித்தார். உள்ளே பத்தடிக்குப் பத்தடி. வெளியே வந்து அளந்தால் வீடு பழைய அளவுதான், பக்கத்து வீட்டு ரேணுகாம்பாளின் சுவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. "உங்களுக்கு லாபந்தாங்க" என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். வரி போடுகிறவர்கள் வந்து வீட்டு வரியைக் கூட்டினார்கள். எலக்ட்ரீஷியன் மட்டும் கொஞ்சம் யோசித்தார். லைட் எரிகிறது, மீட்டர் ஓடவில்லை, சுவிட்சையும் காணோம். நமக்கு எதற்கு வம்பு என்று அவரும் கிளம்பிவிட்டார்.

வம்பு எப்படி வந்தது என்பது ஊருக்கே தெரியும். பிர்தௌஸ் எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெட்டிக்கடை அளவுக்கு ஒரு கடை. அடி அண்ணாமலையில் தண்ணி மோட்டார் எரிந்தாலும் கீழ்பென்னாத்தூரில் எரிந்தாலும் அவனிடம்தான் வரும். எங்கோ வடக்கே ஒரு ஊரில் குண்டு வெடித்தது. குண்டில் செம்புக் கம்பி இருந்தது. பிர்தௌஸ் கடையிலும் செம்புக் கம்பி இருந்தது. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் நன்றாகப் படித்தவர்கள்தான். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குக் கிளம்பியவனை நம்பர் பிளேட் இல்லாத வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தட்டில் போட்ட சோறு ஆறிப்போனதுதான் ரசியா பேகத்துக்குக் கிடைத்த முதல் சேதி. ஸ்டேஷனில் கேட்டாள், அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். வக்கீல் சிந்துஜா, கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை பயிர் போடுகிற வீட்டுப் பெண், ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி கோர்ட்டில் மனுப் போட்டாள். பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளாத ஒரு துறை அதற்குப் பதில் போட்டது. பிர்தௌஸ் என்று யாரையும் நாங்கள் பிடிக்கவில்லை, விசாரிக்கவில்லை, அப்படி விசாரிக்கிற அறை என்று எங்களிடம் எதுவும் கிடையாது. அந்தப் பதிலைக் கோர்ட்டில் படித்த மறுநாள்தான் அறை இங்கே வந்தது. இல்லை என்று சொன்னால் அது எங்கேதான் போகும், போக்கிடம் இல்லாமல் பிள்ளையின் வீட்டைத் தேடி வந்திருக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அது அவன் இருந்த அறைதான் என்பதில் ரசியா பேகத்துக்குச் சந்தேகமே இல்லை. மூலை ஓட்டையை ஈர்க்குச்சி விட்டுக் குடைந்தபோது ஒரு செம்புக் கம்பி மோதிரம் வெளியே வந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் பிர்தௌஸ் துண்டுக் கம்பியை விரலில் சுற்றி மோதிரம் செய்துகொண்டே இருப்பான், வீட்டில் கிண்ணம் நிறைய அது கிடந்தது. அவள் அதைக் கழுவி முந்தானையில் முடிந்துகொண்டாள். கூரை வளையத்தையும் நாற்காலியையும் பார்த்து அழுதவள்தான். ஆனால் அவள் திரும்பத் திரும்ப அண்ணாந்து பார்த்தது அந்த லைட்டைத்தான். வெளிச்சம் இருந்தால் பிர்தௌஸுக்குத் தூக்கம் வராது. சின்ன வயதில் இருந்தே ஜீரோ வாட்ஸ் பல்பின் மேல் லுங்கியைத் தொங்கவிட்டுத்தான் படுப்பான். "லைட்ட போட்டே வெச்சிருந்தா எம் புள்ள எப்டிம்மா தூங்குவான்?" என்று சிந்துஜாவிடம் கேட்டாள். ரசியா பேகம் ஸ்டூல் போட்டு ஏறி, கட்டையால் அந்த டியூபை அடித்து உடைத்தாள். கண்ணாடியைக் கூட்டி அள்ளிவிட்டு நிமிர்ந்தால் மேலே அது முழுசாக எரிந்துகொண்டிருந்தது.

அறையின் குணம் முதலில் ரேணுகாம்பாள் மூலம்தான் தெரியவந்தது. அந்தத் தரையைத் துடைத்துக் கொடுக்கலாம் என்று நல்ல மனசோடு உள்ளே போனவள், துடைத்து முடித்து வெளியே வந்து, "நாந்தான் அந்த பஸ்ஸ கொளுத்துனேன், என்னை வுட்ருங்க" என்று ரசியா பேகத்தின் காலைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பு பற்றவைக்கவே பயந்து லைட்டரைக் கையை நீட்டிப் பிடிக்கிறவள் அவள். எந்த பஸ் என்று கேட்டால் ரூட் நம்பரோடு சொன்னாள். தெளிவதற்கு மூன்று நாள் ஆனது. அதற்குப் பிறகு பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்து, ரசியா பேகம் வாடகைக்குப் பாய் கொடுக்கிற முன்கூடத்தில் படுத்த நெல்லூர்க்காரர் ஒருவர், பாத்ரூம் என்று நினைத்துக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டு, ஒரு மந்திரியைச் சுட்டதாக அழுதுகொண்டே வந்தார். அந்த மந்திரி அன்று காலை டிவியில் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தால் ஒன்றும் ஆகாது, சாத்திய கதவுக்குள் இருக்கிற நேரம் ஜாஸ்தியானால் தெளிகிற நாளும் ஜாஸ்தியாகும் என்று ஊர் கண்டுகொண்டது. செய்யாததை எல்லாரும் சொன்னார்கள். செய்ததை அங்கே ஒருவரும் சொன்னதில்லை. கோர்ட் நேரில் பார்த்துவர அனுப்பிய வக்கீல் கமிஷனர் அறையை ஒழுங்காகத்தான் அளந்தார், வரைபடமும் போட்டார். கடைசியில் ஒரு ரயிலைக் கவிழ்த்தது தான்தான் என்று தன் அறிக்கையிலேயே எழுதி வைத்துவிட்டார். ரயில் கவிழ்ந்த வருஷம் அவர் மூன்றாம் வகுப்பு. புத்தி பேதலித்தவர் அறிக்கை செல்லாது என்று துறை சொன்னது, அந்த அறிக்கையோடு அறையும் செல்லாமல் போனது. சிந்துஜா அன்று கோர்ட் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். இப்படியே நாலு வருஷம் ஓடியது.

கார்த்திகை தீபத்தன்று அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மலை உச்சியில் தீபம் தெரிகிற வரைக்கும் யார் வீட்டிலும் லைட் எரியக்கூடாது. இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று பார்க்காமல் சாயங்காலம் எல்லாரும் அணைத்துவிடுவார்கள். ரசியா பேகமும் அணைப்பாள். நாலு வருஷமாக அந்த அறைக் கதவின் கீழே மட்டும் ஒரு கோடு வெளிச்சம் அணையாமல் கிடந்தது, அதற்கு அவள் சாக்கை மடித்து அடைத்து வைப்பாள். அந்த வருஷம் லாட்ஜ் எதிலும் இடமில்லை. சென்னையில் இருந்து வந்த குமரேசன் என்ற பெரியவர், முழங்கால் வலி தாங்காமல் மத்தியானம் அவள் வீட்டு முன்கூடத்தில் ஒரு பாய் கேட்டுப் படுத்தார். சர்க்காரில் ஏதோ வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், நெற்றியில் பட்டையாக விபூதி, மாசம் தவறாமல் கிரிவலம் வருகிறவர், பேச்சில் மரியாதை. சாயங்காலம் மற்ற யாத்ரீகர்கள் எல்லாரும் தீபம் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறிப்போனார்கள். சமையலறை இருட்டில் நின்றிருந்த ரசியா பேகம், குமரேசன் தண்ணீர் குடிக்க எழுந்து வருவதைப் பார்த்தாள். சாக்கு விலகி வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. "தீபம் ஏத்தற நேரம், லைட்ட விட்டுட்டீங்களேம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே, அண்ணாந்துகூடப் பார்க்காமல், கதவு நிலையின் மேல்பக்கம் கையை விட்டார். டக்கென்று ஒரு சத்தம். நாலு வருஷமாக அணையாத லைட் அணைந்தது.

அணைத்த பிறகுதான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு தாழ்ப்பாளை விலக்கி, ஊரில் எல்லாரும் இடித்துக்கொண்ட அந்த நிலையில் சரியான அளவுக்குத் தலையைக் குனிந்து, பழகின வீட்டுக்குள் போகிறவர் போல் உள்ளே போனார். ரசியா பேகம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அந்த நேரம் பார்த்து மலையில் தீபம் ஏற்றினார்கள். ஊர் முழுக்க அரோகரா என்று எழுந்த சத்தத்தில் உள்ளே அவர் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. அவள் கையை உயர்த்தி, நிலையின் மேல் விரலால் தடவி சுவிட்சைக் கண்டுபிடித்து, லைட்டைப் போட்டாள்.

"எம் புள்ள எங்க?" என்று கதவில் வாயை வைத்துக் கேட்டாள். "பிர்தௌஸு. காயில் கட்றவன். எங்க இருக்கான்?"

முதலில் அவர் சுயபுத்தியோடுதான் பேசினார். "கதவத் தொறங்கம்மா. நான் ரிட்டயர்டு. உள்ள வந்தவங்க பேரெல்லாம் எங்களுக்கு சொல்ல மாட்டாங்க. கையெழுத்து போடறவன் இந்த ரூம பாத்ததில்ல, ரூம பாத்தவன் கையெழுத்து போட்டதில்ல. நீங்க யாரக் கேட்டாலும் இதான் சொல்லுவாங்க." நாலு வருஷத்தில் அந்தத் துறையில் இருந்து அவளுக்குக் கிடைத்த ஒரே உண்மையான பதில் அதுதான். அவளுக்கு அது போதவில்லை. எந்தத் தாய்க்குப் போதும்? தாழ்ப்பாளை அவள் எடுக்கவில்லை. அன்றைக்கு அவள் மனசில் இரக்கம் என்பது பேருக்குக்கூட இல்லை. நாலு வருஷம் ஈரத்துணியாக நெஞ்சில் கிடந்த பயம் அன்றுதான் நெருப்பாகப் பிடித்திருந்தது.

விஷயம் தெரிந்து ரேணுகாம்பாள் ஓடிவந்தாள். "இன்னாக்கா பண்ற? அவங்க பண்ற வேலைய நீயும் பண்ணா எப்டி?"

"நீ சும்மா இருடி. எனக்கு ஒரே ஒரு பதில் வேணும்."

"அந்த ரூமு எப்பக்கா நெஜத்த பேசிச்சி? உள்ள போய் வந்தவ நான், எனக்கு தெரியாதா?"

ரசியா பேகத்துக்கும் தெரியும். ஆனாலும் அறைக்குச் சொந்தக்காரனுக்கு மட்டும் அறை வேறு மாதிரி நடக்கும் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. மறுநாள் மத்தியானம் வரைக்கும் அவள் கதவை விட்டு நகராமல் கேட்ட ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். அவர் வரிசையாக ஒப்புக்கொண்டார். வடக்கே அந்தக் குண்டை வைத்தது நான்தான் என்றார். ஏரிக்கரையை உடைத்தது நான்தான் என்றார். பெற்ற தகப்பனைக் கொன்றதாகச் சொன்னார், அந்தத் தகப்பன் அப்போது மாம்பலத்தில் மகள் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதெல்லாம் வேணாம், எம் புள்ள எங்க, எம் புள்ள எங்க என்று அவள் கதவில் அடித்தாள். கேட்கிறவளுக்கு என்னதான் வேண்டும் என்று அவர் தேடித் தேடிப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் காய்ச்சல்காரனின் குரலில் அவர் சொன்னார். "ரஜ்ஜூம்மீ, நாந்தான் பிர்தௌஸு. கதவத் தொற ரஜ்ஜூம்மீ."

ரசியா பேகம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிர்தௌஸின் தகப்பனார் உயிரோடு இருந்தபோது அவளை ரஜ்ஜூ என்று கூப்பிடுவார். அதைக் கேட்டு அம்மீயோடு ஒட்டவைத்துப் பேசிய பிள்ளையின் சொல் அது. வளர்ந்த பிறகு அவன் அதைச் சொன்னது காய்ச்சல் வந்தபோது மட்டும்தான், மற்ற நேரம் அவள் வெறும் அம்மீ. ரேணுகாம்பாளுக்குக்கூட அந்தச் சொல் தெரியாது, சிந்துஜாவிடமும் அவள் சொன்னதில்லை. இந்த மனுஷர் அதை ஒரே ஓர் இடத்தில்தான் கேட்டிருக்க முடியும். அந்த அறை முதன்முதலாக ஓர் உண்மையைச் சொல்லியிருந்தது, அதையும் பொய்யில் சுற்றித்தான் கொடுத்தது. அவள் அலறின அலறலில் ரேணுகாம்பாள் வந்து தாழ்ப்பாளை எடுத்தாள். வெளியே வந்த குமரேசன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, ரசியா பேகத்தின் மடியில் தலையை வைத்துப் படுத்தார். அவள் தள்ளிவிடவில்லை.

ராத்திரி பூராவும், மறுநாள் மத்தியானம் வரைக்கும் உள்ளே இருந்தவருக்கு இன்றைக்கும் தெளியவில்லை. சென்னையில் இருந்து மகள் வந்து கூப்பிட்டாள், அவளையே நீங்க யாருங்க என்று கேட்டுவிட்டார். அவருடைய பழைய துறையில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். பேர் என்ன என்றதற்குப் பிர்தௌஸ் என்றார், தொழில் என்ன என்றதற்குக் காயில் கட்டுவது என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அடுத்த வாரமே கோர்ட்டுக்கு எழுதினார்கள். தேடப்பட்ட நபர் தாயாரின் வீட்டிலேயே இருக்கிறார், அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். சிந்துஜா குதித்தாள். "அவனுக்கு இருபத்தெட்டு வயசுங்க, இவருக்கு அறுவது தாண்டுது!" வீட்டைவிட்டுப் போய் அலைந்தவர்களுக்குச் சீக்கிரம் வயசாகிவிடும் என்று துறை விளக்கம் கொடுத்தது. விரல் ரேகை ஒத்துப்போவதாகவும் சொன்னார்கள். மனு முடித்துவைக்கப்பட்டது. ஊரும் இரண்டு பௌர்ணமி வரைக்கும் பேசிவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விட்டது. இப்போது எரிந்த மோட்டாரைக் கொண்டுவருகிறவர்கள் சிலர் அவரையே பிர்தௌஸ் பாய் என்று கூப்பிடுகிறார்கள். அவர் கட்டுகிற காயில் எதுவும் ஓடுவதில்லை.

ரசியா பேகம் அவருக்கும் சோறு போடுகிறாள். பிள்ளையைச் சித்திரவதை செய்தவனுக்கு எப்படி உன் கையால் போடுகிறாய் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். அவர் என்றைக்காவது தெளிவார், தெளிந்தால் கேட்கலாம் என்று நினைக்கிறாளோ என்னவோ. சில நாள் தட்டை வைத்துவிட்டு வெறுப்பில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சில நாள், ரஜ்ஜூம்மீ என்று அவர் கூப்பிடட்டும் என்று பக்கத்தில் நிற்கிறாள்.

அவரால் அவளுக்குக் கிடைத்தது அந்த சுவிட்ச் ஒன்றுதான். தினமும் ராத்திரி இஷா தொழுகை முடிந்ததும் நிலையின் மேல் கையை விட்டு லைட்டை அணைக்கிறாள். கதவுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுக்கிறாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே யாரோ புரண்டு படுக்கிற சத்தம் கேட்கும், அப்புறம் சீராக மூச்சு வரும். திறந்து பார்த்தால் வெறும் தரைதான் என்பதால் அவள் இப்போது திறப்பதில்லை. பிர்தௌஸோ, வேறு யார் பெற்ற பிள்ளையோ, தூங்கட்டும். விடியும்போது லைட் மறுபடி எரிந்துகொண்டிருக்கும். அங்கே, அந்தத் துறையின் பக்கம், யாரோ தினமும் போடுகிறார்கள், இங்கே அவள் தினமும் அணைக்கிறாள்.