நேரில் பார்த்தவர்கள் மேல் பெய்யும் பனி

போர்ட் ஆல்டனில் ஒவ்வொரு டிசம்பரின் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் மதியம் ஒரு மணிக்கு, அறுபத்திரண்டாம் வருட இறுதி ஆட்டத்தை அரங்கத்துக்குள் இருந்து பார்த்தவர்கள் மேல் மட்டும் பனி பெய்யும். மற்றவர்கள் மேல் பெய்யாது. வெயில் அடிக்கிறதா, ஏரிக்காற்று வீசுகிறதா என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. வீட்டுக்குள் இருந்தால் ஒன்றுமில்லை. வாசலைத் தாண்டினால் தலைக்கு மேலே ஆரம்பித்துவிடும். ஆட்டம் முடிந்த நேரத்துக்கு, அதாவது நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால், நின்றுவிடும். ஓய்வு பெற்று ஃபுளோரிடாவுக்குக் குடிபோன ஜோ பலுச்சி மேல் அங்கே கடற்கரையிலும் பெய்தது. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள் என்று அவர் எழுதியிருந்தார்.

அந்த ஊரின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு ஸ்டோக்கர்ஸ் என்று பெயர். உலையில் கரி தள்ளுகிறவர்கள் என்று பொருள். ஊரில் பாதிப்பேருக்கு அதுதான் வேலை. அந்த வருடம் முதல் நான்கு ஆட்டங்களில் ஸ்டோக்கர்ஸ் தோற்றது, அதிலும் இரண்டில் ஒரு புள்ளிகூட எடுக்காமல். பிறகு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, தோற்பது நின்றுவிட்டது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை ஆர்வில் பூன் என்பவனுக்கு. அவன் ஓடுவது பீரோ நகர்வது மாதிரி இருக்கும் என்பார்கள், ஆனால் நகர ஆரம்பித்த பீரோவை யாராலும் நிறுத்த முடியவில்லை. இறுதி ஆட்டத்தன்று ஏரியிலிருந்து வந்த பனி மைதானத்துக் கோடுகளை மூடியது. கடைசி நிமிடத்தில் பூன் விழுந்தான், பந்து பனிக்குள் புதைந்தது, இரண்டு அணியும் மண்டியிட்டுத் தேடின. தானும் தேடுகிறவன்போலக் குனிந்தபடியே நடந்து போன பூன், எல்லைக்கோட்டுக்கு அப்பால் போய் நிமிர்ந்தபோது பந்து அவன் வயிற்றோடு இருந்தது; ஸ்டோக்கர்ஸ் ஜெயித்தது. பன்னிரண்டு வருடம் கழித்து அணியை அதன் முதலாளி பனியே இல்லாத ஒரு தெற்கத்தி ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். அரங்கத்தை இடித்து மெத்தைக்கடை கட்டினார்கள். ஊருக்கு மிஞ்சியது அந்த ஒரு வருடம்தான்.

அரங்கத்தில் முப்பதாயிரம் பேர் உட்காரலாம். அன்று அங்கே இருந்ததாகச் சொன்னவர்கள் அந்த மாவட்டத்தின் மொத்த ஜனத்தொகையைவிட அதிகம். பனி பெய்ய ஆரம்பித்த பிறகு பலருக்குச் சங்கடமாகிவிட்டது. மேயர் பதவிக்கு நின்ற ஒருவர் முதல் ஆண்டு விழா மேடையில், நனைந்துகொண்டிருந்த வாத்தியக்குழுவுக்கு நடுவே உலர்ந்து நின்றார்; தேர்தலில் தோற்றார். பல் டாக்டர் ஒருவர் உருளைக்கிழங்குத் தூளைத் தோளில் தூவிக்கொண்டு வந்தார். அன்றைக்கென்று ஊர் முழுக்க மழை பிடித்துக்கொள்ள, அவர் கோட்டெல்லாம் மசியலாகிவிட்டது. அதற்கப்புறமும் அவரிடம்தான் எல்லோரும் பல் பிடுங்கிக்கொண்டார்கள்.

இந்தச் சங்கடத்தில் எவரும் சந்தேகிக்காத ஒரே ஆள் டெட் பிலார்ஸ்கி. உருக்காலையில் கிரேன் ஓட்டியவர். வேலை முடிந்ததும் மில்லி கோவாக்கின் மதுக்கடையில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைச் சொல்வார். பூன் விழுந்த இடத்துக்கு வந்ததும் குரலை இறக்குவார். வறுத்த மீன் தட்டில் கிடந்து ஆறும், ஒருவரும் தொடமாட்டார்கள். முப்பது வருடமாகக் கேட்டவர்களும், "மறுபடி அந்த இடத்தைச் சொல்லு" என்பார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வெளியே வருவதில்லை. முதுகுப் பிடிப்பு என்பார். அன்றைக்கு அரங்கத்தில் நெரிசலில் பட்ட அடி என்று ஊரே முடிவுகட்டி, அதற்கும் சேர்த்து மரியாதை கொடுத்தது.

உண்மையில் டெட் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அன்று விடியும்போதே அரங்கத்து வாகன நிறுத்தத்தில் காரைப் போட்டு, குளிருக்கு என்று பிராந்தி குடித்து, கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று சாய்ந்தவர், ஜனங்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்த சத்தத்தில்தான் எழுந்தார். யாரோ அவரைக் காரிலிருந்து இழுத்துக் கட்டிப்பிடித்தார்கள். "பாத்தியா? பாத்தியாடா?" என்று அழுதார்கள். "பாத்தேன்" என்றார். வேறு என்ன சொல்ல முடியும். பிறகு கண்டவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு, ஒருவர் சொன்ன கையையும் இன்னொருவர் சொன்ன காலையும் ஒட்டி, அந்த ஆட்டத்தை முழுதாகச் செய்து எடுத்தார்.

அவர் மனைவி வாண்டாவுக்கு ஃபுட்பால் என்றாலே ஆகாது. அன்று முழுக்கத் தேவாலயச் சமையற்கட்டில் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னவர். அவருக்கும் ஒவ்வொரு வருடமும் அதே ஞாயிற்றுக்கிழமை ஒற்றைத் தலைவலி வந்தது. எனவே இருவரும் திரையை இழுத்துவிட்டு, அடுக்களை மேசையில் சீட்டாடுவார்கள். தன் முதுகுக்குத் துணையாக இருக்கத்தான் தலைவலி என்று சொல்கிறாள் என்று டெட் நினைத்தார். அதற்கு நன்றியாக வேண்டுமென்றே இரண்டு ஆட்டம் தோற்பார்.

தொண்ணூற்று மூன்றில் அந்த ஞாயிறன்று இரண்டு மணி வாக்கில், எரிவாயு நிறுவனத்துப் பணியாள் கதவைத் தட்டினார். தெருவுக்கு அடியில் குழாய் கசிகிறது, எல்லோரும் உடனே வெளியே வரவேண்டும் என்றார். டெட் முதுகைச் சொன்னார். வாண்டா தலையைச் சொன்னார். "வெடிச்சா ரெண்டும் சேர்ந்து போயிடும், வாங்க" என்றார் அந்த ஆள். தெரு முழுக்க நல்ல வெயில். டெட் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படி இறங்கினார். அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றார்கள். கண்ணைத் திறந்து தன் தோளைப் பார்த்தார், காய்ந்திருந்தது. அவமானத்தில் மனைவி பக்கம் திரும்பினார். வாண்டாவின் தலைமுடியிலும் வீட்டுச் செருப்பிலும் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கு ஏன் பெய்யுது?" என்றார் டெட்.

"உனக்கு ஏன் பெய்யல, அதச் சொல்லு முதல்ல."

"வாண்டா, நீ கொழுக்கட்டை புடிக்கப் போனேன்னு…"

"போனேன். நீ கையுறைய மறந்துட்டுப் போயிட்ட. வெரலு விறைச்சுப் போயிடுமேன்னு எடுத்துக்கிட்டு ஓடியாந்தேன். வாசல்ல நின்னவன் பாவம்னு உள்ள விட்டான். உன் சீட்டத் தேடினா, அதுல யாரோட சாப்பாட்டுப் பையோ உக்காந்திருக்கு. ஆட்டம் முடியற வரைக்கும் கீழ்ப்படியிலயே நின்னேன், இப்ப வருவே அப்ப வருவேன்னு." பனி அவர் இமைமேல் விழுந்தது, துடைக்கவில்லை. "முப்பத்தோரு வருஷமா நீ அந்தக் கதையச் சொல்றதக் கேட்டுக்கிட்டு இருக்கேன். எங்கய்யா இருந்த அன்னைக்கு?"

"கார்ல தூங்கிட்டேன்."

"மில்லிகூடதானே?"

டெட்டுக்கு முதலில் புரியவில்லை. மில்லி அன்று கடையைத் திறந்து வைத்திருந்தவள், அவள் மேலும் பனி பெய்வதில்லை என்பது ஊருக்கே தெரியும். அன்று அரங்கத்தில் இல்லாத இரண்டு பேரை வாண்டா தன் மனதுக்குள் ஒன்றாக உட்காரவைத்து, முப்பத்தோரு வருடம் டெட்டுக்குத் துணி துவைத்து, சோறு போட்டு, சீட்டும் ஆடியிருக்கிறார்.

"மில்லியா? அவ என்னை ரெண்டு தடவை கடைய விட்டே தொரத்தியிருக்கா! தனியாத்தான் தூங்கினேன் வாண்டா. வாயத் தொறந்துட்டு. சாயங்காலம் எந்திரிச்சப்ப தாடையில எச்சில் உறைஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இத எப்படி வெளிய சொல்லுவேன்?"

வாண்டா அவரையே பார்த்தார். ஆட்டம் நடந்த அன்றிரவு அவர் தாடையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியும், ஆட்டக் கும்பலில் கீறிவிட்டது என்று அவர் சொன்னதும் நினைவுக்கு வந்தன. சிரிப்பு வயிற்றிலிருந்து புறப்பட்டது. தோளில் குவிந்திருந்த பனி சரிந்து விழும்வரை சிரித்தார், பிறகு கொஞ்சம் அழுதார், பிறகு டெட்டின் கோட்டை வாங்கிப் போர்த்திக்கொண்டார். எரிவாயுக்காரர், "ஒண்ணும் இல்ல, எல்லாரும் உள்ள போகலாம்" என்றார். ஒருவரும் போகவில்லை.

டெட் மதுக்கடைக்குப் போவதை நிறுத்தினார். ஒரு வாரம் பொறுத்த வாண்டா, மறு ஞாயிறு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்; மில்லியின் கடைக்குள் வாண்டா காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. ஆர்ட் ஹூபர் என்று டெட்டோடு உருக்காலையில் வேலை பார்த்தவர், மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் வருடா வருடம் பனி தாராளமாகப் பெய்யும்.

"என்னடா, செத்துட்டியோன்னு நெனச்சோம்" என்றார் ஆர்ட். "உக்காரு. பூன் விழுந்ததுலேர்ந்து சொல்லு."

"ஆர்ட், நான் அங்க இல்ல. உனக்கு விஷயம் வந்திருக்குமே."

"எனக்கு அன்னைக்கே தெரியும். உன் பக்கத்து சீட்டு யாருது? என் சாப்பாட்டுப் பைய வேற எங்க வெக்கிறது?"

டெட் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அங்க இருந்தவன் எவனுக்குடா ஏதாவது தெரிஞ்சுது?" ஆர்ட் சுற்றிலும் பார்த்தார். "மூக்கு நுனிக்கு அந்தப் பக்கம் எல்லாம் வெள்ளை. சத்தம் போட்டாங்க, நானும் போட்டேன். ஜெயிச்சது எப்படின்னே ஒரு வாரம் கழிச்சு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்." பனி பெய்கிற மற்றவர்களும் தலையாட்டினார்கள்; ஒருவர், தான் பாதி ஆட்டம் முழுக்க எதிரணிக்குக் கை தட்டியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். மில்லி மேசையைத் துடைத்துவிட்டு, வாண்டாவுக்கு ஒரு பீர் கொண்டுவந்து வைத்தாள். வாண்டா அதை ஒரு நொடி பார்த்தார், பிறகு எடுத்துக் குடித்தார்.

டெட் சொன்னார். பூன் விழுந்தான், பந்து புதைந்தது, இருபத்திரண்டு பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள், பூன் குனிந்தபடியே நடந்தான். எல்லைக்கோட்டைத் தாண்டி அவன் நிமிர்கிற இடத்தில் வாண்டா குறுக்கிட்டார்.

"சிரிச்சான்."

"யாரு?"

"அவன்தான். நான் கீழ்ப்படியில நின்னேன்ல. பனியில ஆளு தெரியல. ஆனா எனக்கு நேரா யாரோ சின்னப் புள்ள மாதிரி களுக்குனு சிரிச்சாங்க. அப்புறம்தான் விசில் சத்தம் கேட்டுச்சு."

டெட், பூன் நிமிர்கிற இடத்தில் அந்தச் சிரிப்பையும் சேர்த்து, முதலிலிருந்து சொன்னார். நன்றாக இருந்தது. அடுத்த வருடத்திலிருந்து, பனி பெய்கிற எல்லோருக்கும் அந்தச் சிரிப்பைக் கேட்டது நினைவிருந்தது. ஃபுளோரிடாவிலிருந்து ஜோ பலுச்சியும், தனக்கு அது தெளிவாகக் கேட்டது என்று எழுதியிருந்தார்.