கொட்டாவிக்கு அடித்த மணி

என் கோபம் எங்கள் ஊர் வாழவந்தி முழுக்கத் தெரிந்த சங்கதி. எண்பத்தாறாம் வருஷம் அதை ஏற்காட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனேன்.

காலையில்தான் என் மனைவி பாவாயிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. சுகப் பிரசவம். தோட்டத்தில் காப்பிப் பழம் உதிர்கிறது; மூன்று மணி பஸ்ஸுக்கே தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று துணிமணியை மூட்டை கட்டினேன்.

"உடம்பு எப்படியிருக்குது பாவாயி?"

"நல்லாத்தேன் இருக்கறனுங்க" என்று சொல்லிக் கொட்டாவி விட்டாள். ராத்திரியெல்லாம் வலி பட்டவளுக்குத் தூக்கம் வராதா?

அந்தப் பக்கம் போன நர்ஸ் செல்வமேரி நின்றாள். பாவாயி மறுபடி கொட்டாவி விட்டாள். உடனே இன்னொன்று. நர்ஸ் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். அடுத்த நிமிஷம் ஓடிப்போய் வராந்தா மணியை அடித்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். நோயாளியைப் பார்த்து மனசுக்குச் சரியாகப் படவில்லையென்றால் யார் வேண்டுமானாலும் மணி அடிக்கலாம். டாக்டரைக் கேட்க வேண்டியதில்லை. எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது.

"ஏம்மா, கொட்டாவி உட்டதுக்கெல்லாமா மணி அடிப்பே? நிறுத்து!" என்று பின்னாலேயே போய் மறித்துக் கத்தினேன்.

"நாடி நொம்ப ஓடுதுங்கண்ணா. வழி உடுங்க." அவள் மணிக்கயிற்றை விடவில்லை.

வந்தார்கள் பாருங்கள்! சோற்றுக் கையைக் கழுவிய ஈரத்தோடு டாக்டர் மரியஅந்தோணி, மருந்துப் பெட்டியோடு கம்பவுண்டர், ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஜீப் டிரைவர் ராஜேந்திரன். கம்பளியை விலக்கினால் அடியில் போட்ட துணியெல்லாம் ரத்தம். டாக்டர் வயிற்றை அழுத்திப் பிசைந்தார். கம்பவுண்டர் ஊசி போட்டார். செல்வமேரி பாட்டில் ஏற்றினாள். யாரும் யாரையும் ஏவவில்லை, யாரும் சும்மா நிற்கவுமில்லை. அப்பப்பா, என்ன வேகம்!

பாவாயிக்குக் கண் சொருகியது. 'மலைச்சாமி சேர்வராயா, காப்பாத்து' என்று சுவரில் முட்டிக்கொண்டேன்.

அரை மணி கழித்து டாக்டர் வெளியே வந்தார். "ரத்தம் நின்னுருச்சுங்க. பொழைச்சுக்குவாங்க. ரத்தம் கொறைஞ்சா அப்படித்தேன் கொட்டாவி கொட்டாவியா வருமுங்க. இன்னொரு கால் மணி போயிருந்தா ஆளு நமக்கில்லைங்க."

செல்வமேரியைத் தேடிக்கொண்டு போனேன். தண்ணீர்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏஞ்சாமி அழுவறே? பொழைச்சுட்டாளே!"

"வேலைக்குச் சேந்து ஒம்பது நாளுதானுங்கண்ணா ஆச்சு. நீங்க போட்ட சத்தத்துல, தப்பா அடிச்சுட்டமோன்னு கயித்தை உடவே பாத்தனுங்க."

அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.