இக்பால் டாக்டரம்மாவின் படிகம்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கும் இக்பால் டாக்டரம்மாவின் கூடத்துக்கும் பொதுவாக ஒரு குளிரறை. இரகசியம் பேச வேண்டியவர்கள் அங்கேதான் போவார்கள். அந்தக் குளிரில் யார் வந்து நிற்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. நான் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பேன். கெய்ரோவில் வேறெங்கே இவ்வளவு சுகமாகச் செய்தி கிடைக்கும்?

வியாழக்கிழமை டாக்டரம்மாவுக்கு வாழ்நாள் சாதனை விருது. நல்லாசிரியர் என்ற பட்டமும் கூட. நைல் தண்ணீரில் நின்றால் உடம்புக்குள் புகுந்து நோய் தரும் பில்ஹார்சியாப் புழுவின் புரதம் ஒன்றைப் படிகமாக்கி, அதன் உருவத்தை உலகுக்குக் காட்டியவர் அவர். அந்தப் படிகத்தை வைத்தே மாணவர்கள் ஆளுக்கொரு முனைவர் பட்டம் வாங்கினார்கள். அவர்களில் ஹாஸிம் துறைத்தலைவராகவே ஆகிவிட்டான். விழா ஏற்பாடும் அவனுடையதுதான்.

செவ்வாய்க்கிழமை, டாக்டரம்மாவின் கடைசி மாணவி நெஸ்மா அவரைக் குளிரறைக்குள் இழுத்துக்கொண்டு வந்தாள். நான் அலமாரிக்குப் பின்னால், இல்லாத ஒரு குப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"மேடையில காட்டுற படம் அழகா இருக்கட்டும்னு படிகத்தோட பழைய எக்ஸ்ரே அளவையெல்லாம் புது கம்ப்யூட்டர் நிரல்ல போட்டுப் பாத்தேன். அது... புழுவோடது இல்ல டாக்டரம்மா."

"பின்ன, உங்க அத்தையோடதா?"

"பாக்டீரியாவோடது."

புழுவின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்துத்தான் புரதம் செய்ய வைப்போம். வடிகட்டும்போது பாக்டீரியாவின் சொந்தச் சரக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். சில சமயம் நாம் அழைத்தவர் கரைசலில் கிடக்க, அழையாத விருந்தாளி படிகமாகி உட்கார்ந்துவிடுவார். ஒரு படிகத்தைக் கரைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். ஆனால் பல வருடம் தவம் கிடந்து கிடைத்த நாலைந்து படிகத்தில் ஒன்றைக் கரைக்க யாருக்கு மனம் வரும்? மங்கலான படத்தில் ஆசைப்பட்ட முகத்தைப் பார்த்துவிட்டார்கள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

மறுநாள் டாக்டரம்மா ஹாஸிமை அதே குளிரறைக்கு அழைத்தார். நெஸ்மா கதவோரம் நின்றாள். நான் அன்றும் குப்பி தேடினேன்.

"விருது வேணாம்டா. கட்டுரையத் திரும்ப வாங்கிக்கலாம்."

"என்ன டாக்டரம்மா, பஸ்பூசா இனிப்புக்குக்கூடச் சொல்லியாச்சு! உங்க பேரு மட்டுமா போகும்? எங்க எல்லார் பட்டமும் அதுலதானே நிக்குது?" அவன் கதவுப் பக்கம் திரும்பினான். "யாரு கிளப்பினது, இந்த மகாராணியா? அவ ஆய்வேட்டுக்கு நான்தான் தேர்வாளர், ஞாபகம் இருக்கட்டும்."

"இவளா?" டாக்டரம்மா சிரித்தார். "இவளுக்குப் படத்துக்குக் கலர் அடிக்கத்தான் தெரியும். நான்தான் கண்டுபிடிச்சேன்."

நெஸ்மா வாயைத் திறந்தாள். டாக்டரம்மா அவளுக்கு முன்னால் போய் நின்று, முதுகுக்குப் பின்னால் அவள் கையைப் பிடித்து அழுத்தியது எனக்குத் தெரிந்தது, ஹாஸிமுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. கேடயத்தை வாங்கிய டாக்டரம்மா, மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னார். முதலில் சிரித்தார்கள். ஹாஸிம் பாய்ந்து வந்து, "எங்க டாக்டரம்மாவுக்கு எவ்வளவு தன்னடக்கம் பாருங்க!" என்றான். அவர் விடாமல் மறுபடியும் சொன்னார். சிரிப்பு நின்றது.

முன்வரிசைக் கிழவர் ஒருவர் கேட்டார்: "இதக் கண்டுபிடிச்சது யாரு?"

"நான்."

கிழவர் எழுந்து கைதட்டினார். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். தன் பிழையைத் தானே பிடித்த விஞ்ஞானியாம்! நல்லாசிரியருக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று என் பக்கத்தில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நெஸ்மா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் ஹாஸிமுக்குப் புரிந்துவிடும்.