பாஞ்சாலை கையில் ஒரு கரண்டி பால்

1

இந்தக் கதையை ஒரு டீக்கடையில் திருடினேன். மரக்காணத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு பெண் வந்து சர்க்கரை இல்லாத டீ வாங்கினாள். பஜ்ஜி மாவுக்கு வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக் கலக்கி, ரசித்துக் குடித்தாள். நான் வாயைப் பிளந்ததைக் கடைக்காரர் வேல்முருகன் பார்த்துவிட்டார்.

"பாஞ்சாலை மருமவ சார். மங்கோலியா. நம்ம அறிவழகன் கொரியாவுல வேலை பாத்தப்ப லவ் பண்ணி கூட்டியாந்துட்டான். அவங்க ஊருல டீக்கு உப்புதானாம்."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "முடிவில்லாத புல்வெளியில் ஒரு வெள்ளைக் குதிரை தனியாக..."

(வேண்டாம். ஊட்டிக் குளிரையே தாங்காதவன் நான். அந்தக் குதிரையை மரக்காணம் வரை ஓட்டி வருவதற்குள் கதை முடிந்துவிடும்.)

இரண்டாம் தொடக்கம்: பாஞ்சாலை உப்பளத்தில் கூலி வேலை செய்பவள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். அந்த மகன் மறுபடியும் கொரியாவுக்குக் கிளம்பினான். வண்டி நகர்ந்ததும் மருமகள் நொமின் ஒரு சொம்புப் பாலோடு வாசலுக்கு ஓடி வந்தாள். கரண்டியில் மொண்டு, வண்டி போன திசையில் வானத்தைப் பார்த்து வீசித் தெளித்தாள்.

பாஞ்சாலை பதறி ஓடி வந்தாள்.

"அடிப்பாவி! செத்தவங்களுக்குத் தெளிக்கிற பாலுடி அது! உசுரோட போற புள்ளைக்குத் தெளிக்கிறியே!"

கரண்டியைப் பிடுங்கி எறிந்தாள். நொமின் ஊரில், பயணம் போகிறவர் பின்னால் தாயோ மனைவியோ பால் தெளித்தால்தான் வழி நல்லபடி அமையும். அரைகுறைத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். பாஞ்சாலை காது கொடுக்கவில்லை.

(அடிக்குறிப்பு, மங்கோலியர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால்: எங்கள் பக்கம் எரித்த மறுநாள் சுடுகாட்டுச் சாம்பலில் பால் தெளிப்போம். பாஞ்சாலையின் புருஷனுக்கு அப்படித் தெளித்தவன் அறிவழகன்தான். அப்போது அவனுக்குக் கரண்டி பிடிக்கவே தெரியாத வயசு.)

அறிவழகன் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தான். ஆனாலும் மாமியாரும் மருமகளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

3

இந்த இடத்தில் பாஞ்சாலைமேல் எனக்கே சந்தேகம் வந்தது. கொடுமைக்கார மாமியாரை எழுதுவது சுலபம், டிவியே தினமும் எழுதிக் கொடுக்கிறது. அதனால் நொமினின் அம்மாவை வீடியோ காலில் வரவழைத்தேன்.

அந்த அம்மாள் ஆடு மேய்த்துப் பிழைப்பவள். அந்த வருஷம் பனி இறுகிப் பாறையாகிவிட்டது. அதைக் கிளறிப் புல்லை எடுக்க ஆடுகளால் முடியவில்லை. மந்தையில் பெரும்பகுதி பட்டினியில் செத்துவிட்டது. போனில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை, நடுவில் கம்போடு ஒருத்தி.

எட்டிப் பார்த்த பாஞ்சாலை வைராக்கியத்தை மறந்து வாயைத் திறந்தாள்.

"இன்னாடி, உங்கம்மாவும் உப்பளத்துலயா நிக்குது?"

"பனி, அத்தை. ஆடெல்லாம் செத்துப்போச்சு."

பாஞ்சாலை போனை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போன கோடையில் திடீர் மழை வந்து, வாரிக் குவிக்க வேண்டிய உப்பெல்லாம் பாத்தியிலேயே கரைந்துபோனது. அன்றைக்கு உப்பு வாரும் கட்டையோடு அவளும் இப்படித்தான் நின்றாள்.

"தனியா இன்னா பண்ணும் அது? போயி கூட இருந்துட்டு வா."

சொன்ன பிறகுதான் யோசித்தாள். போனவள் அங்கேயே தங்கிவிட்டால்? (வேல்முருகன் வாய் சும்மா இருக்குமா? "போனா திரும்பி வருமா அது?" என்று கேட்டேவிட்டார்.)

4

சென்னை பஸ் வந்து நிற்கிறது. நொமின் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். பாஞ்சாலை முந்தானைக்குள்ளிருந்து ஒரு சொம்பையும் கரண்டியையும் எடுக்கிறாள். கரண்டியைப் பாலுக்குள் விடாமல் பிடித்துக்கொண்டே நிற்கிறாள்.

"வேணாம் அத்தை. உங்களுக்குப் பயம். விடுங்க."

"தெளிச்சா இன்னா ஆவும், சொல்லு."

"நல்லா போவேன். நல்லா திரும்பி வருவேன்."

"திரும்பி வருவியா? இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடி?"

"சொன்னேன் அத்தை. நீங்க கேக்கல."

முடிவு அ: பாஞ்சாலை பாலை அள்ளி வீச, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும்...

(கைதட்ட வைக்கப் பார்த்தேன். எனக்கே கூச்சமாகிவிட்டது.)

முடிவு ஆ: தெளிக்க மனம் வராமல், அந்தப் பாலில் வேல்முருகனை டீ போடச் சொல்லி, உப்புப் போட்டுக் குடிக்கிறாள்.

(பார்க்க அழகு. உள்ளே என் கோழைத்தனம். நொமின் திரும்பி வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன்.)

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். கரண்டி பாலில் முங்கிவிட்டது. எழுதுகிறவன் தெளித்தால் பலிக்காது, வேண்டியவர்கள் தெளிக்க வேண்டும். இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், நீங்களும் வேண்டியவர்தான். பாஞ்சாலையின் முழங்கையைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். பஸ் இன்னும் உப்பளத்தைத் தாண்டவில்லை.