ஆபீஸ் லைன்

சூளையில் தீ வைத்ததும் ஆபீஸ் கரண்ட் லைனை இறக்கிவிடுவது விருத்தாசலத்தில் அந்தப் பீங்கான் கம்பெனியின் வழக்கம். எல்லாம் ஓடினால் வோல்டேஜ் இறங்கும். சூளைக்குக் காற்றடிக்கும் ப்ளோயர் நின்றால் தீ செத்துவிடும். இப்போது சூளையைப் பார்க்கும் தர்மராஜ் அன்றும் இறக்கினான். ஆபீஸ் கம்ப்யூட்டர் அணைந்தது. கம்பெனியின் செய்முறைக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்திருக்கும் விக்கி அதில்தான் இருந்தது.

ஆபீஸைப் பார்க்கும் இளமதி, விக்கியை வெளிக் கம்பெனியிடம் வாடகைக்கு எடுக்கலாம் என்றுதான் சொன்னாள். எந்தப் போனிலும் திறக்கும், எல்லாரும் படிக்கலாம், திருத்தலாம். முதலாளி ராஜமாணிக்கம் ஒப்பவில்லை.

"நம்ம மண்ணுக் கலவைய எவன் மிஷின்லயோ கொண்டுபோயி வெப்பியா?"

சூளைக்காரர் நடராசன் பக்கத்துக் கம்பெனிக்குத் தாவியிருந்த நேரம் அது. முதலாளிக்கு எல்லார் மேலும் சந்தேகம். இளமதி இலவச மென்பொருளை இறக்கி ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே போட்டாள். புது மண்ணைச் சுட்டுப் பார்த்து நடராசன் விட்டுப்போன குறிப்புகளையும் ஏற்றினாள்.

இப்போது சூளைக்குள் ஃப்யூஸ் கேரியர், அதே புது மண். லோடு வீணானால் ஆர்டர் நடராசனின் கம்பெனிக்குப் போய்விடும். தர்மராஜுக்குப் பழைய மண்ணின் பக்குவம்தான் தெரியும். சூட்டு மீட்டர் முள் ஏறிக்கொண்டிருந்தது. எந்தச் சூட்டில் நிறுத்திப் பிடிப்பது என்று போனைத் தேய்த்தான், கம்ப்யூட்டர் அணைந்திருந்ததால் விக்கிப் பக்கம் வரவில்லை. நடராசனையே கேட்கலாமா என்றான்.

"அவன் கால்ல வுழறதுக்கு சூளையே வெடிக்கட்டும்" என்றார் முதலாளி.

இளமதி ஆபீஸ் லைனின் மெயின் சுவிட்ச் பக்கம் போனாள்.

"லைனப் போடாதம்மா. ப்ளோயர் எறங்கிடும்" என்றான் தர்மராஜ்.

"கம்ப்யூட்டரு ஒண்ணுதான? அது எவ்ளோ இழுக்கும்?"

போட்டாள். முதலாளி அறையில் ஏ.சி. உறுமியது. அதை யாரும் அணைத்திருக்கவில்லை. ப்ளோயர் சத்தம் தொங்கியது. சூளை வாயில் கரும்புகை. ஓடிப்போய் ஏ.சி.யை அணைத்துவிட்டு வந்தாள். கம்ப்யூட்டர் அப்போதுதான் சோம்பல் முறித்தது. பக்கம் திறந்ததும் கத்திப் படித்தாள். அதற்குள், விழுந்த சூட்டைப் பிடிக்கத் தர்மராஜ் பர்னர் எண்ணெயை அதிகமாகத் திறந்துவிட்டிருந்தான். முள் அவள் படித்த சூட்டைத் தாண்டிப் போயிருந்தது.

ஆறிய பிறகு சூளையைத் திறந்தார்கள். ராஜமாணிக்கம் ஒரு கேரியரை எடுத்துத் தட்டினார். கணீரென்று ஒலிக்காமல் சத்தம் கட்டையாக வந்தது, விரிசல். அடுத்ததும் அப்படியே.

"அந்த வாடகை விக்கியவே எடுத்துடு" என்றார்.

"எடுக்கறேன் சார். கலவை இங்கயே இருக்கட்டும், சூளைக் குறிப்பு மட்டும் அங்க போவட்டும். மொதல்ல உங்க ஏ.சி.க்குத் தனி லைன் இழுங்க."

தர்மராஜ் தலை நிமிராமல் உடைசலைக் கூடையில் அள்ளினான். முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் ஏ.சி. உறுமியது.